அப்பா பிடித்த போலிகள்

இனிமேல் தன்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று அப்பா அறிவித்தார். போலி ஆட்டோகிராஃபைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இரண்டு வீடியோ பார்த்திருந்தார். பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிவிட்டார். அவ்வளவுதான், நிபுணர்.

ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரி முழுக்க அவர் சேர்த்த ஆட்டோகிராஃப்தான். அம்மாவின் தையல் மெஷின் கிடப்பது அடுப்புக்குப் பக்கத்தில். அவள் தைக்கிற சட்டையெல்லாம் வெங்காய வாசனையோடுதான் வெளியே போகும். அலமாரியை எடுத்தால் மெஷினை அங்கே போடலாம் என்பாள், அப்பா விடமாட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருக்கிறேன், இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அன்றைக்கு அம்மா சண்டை போடவில்லை. அலமாரியிலிருந்து மூன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"என்னங்க, இதுல எதையாவது எடுத்துட்டு நான் போலியை மாத்தி வச்சிருந்தா கண்டுபிடிச்சிடுவீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டு!"

"திறந்துக்கிட்டே பாருங்க. போலியைச் சரியாப் பிடிச்சா அலமாரி இங்கேயே இருக்கட்டும். அசலைப் போய்ப் போலின்னு சொன்னா மெஷின் இங்க வரும்."

"சரி!"

முதலில் கோல்கீப்பர் கையெழுத்துப் போட்ட பந்து.

"மை அங்கங்க தேங்கி நிக்குது. பார்த்து வரைஞ்சவதான் இப்படி நிறுத்தி நிறுத்தி எழுதுவா. போலி!"

"உருண்டையா இருந்தா அப்படித்தான்பா எழுத முடியும்" என்றேன்.

"நீ வாயை மூடு."

அடுத்து, பாடகியின் இசைத்தட்டு உறை.

"கை நடுங்கியிருக்கு. போலி!"

"அந்தம்மாவுக்கு அப்பவே எண்பது வயசுன்னு சொன்னீங்களே?" என்றாள் அம்மா.

"எண்பது வயசுல இவ்வளவு கம்மியாவா நடுங்கும்? சந்தேகமே இல்ல, போலி!"

மூன்றாவது, மேஜிக்காரரின் தொப்பி.

"ஏங்க, இது உங்க கண்ணு முன்னாடி போட்ட கையெழுத்தாச்சே?"

"அவன் மேஜிக்காரன்டி! கண்ணு முன்னாடி நடந்தா நம்பிடுறதா?"

அப்பா நிமிர்ந்தார். "அடி கில்லாடி! மூணையுமே மாத்தியிருக்கே."

"நான் எதையும் தொடவே இல்லைங்க."

அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா... இதெல்லாம்?"

"போலின்னா, போலிக்கு எதுக்கு அலமாரி? அசல்னா பந்தயத்துல நீங்க தோத்தாச்சு. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா தொப்பியைப் பார்த்தார். பந்தைத் தடவினார்.

"அசல்தான்டி" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

மெஷினின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன். இன்னொரு பக்கத்தை நிபுணர் தூக்கினார்.