சந்தனம் பூசிய ஸ்லைடு ரூல்

எனக்குக் கணக்கு வராது. ஆனால் வராத கணக்கை என்னைப்போல் அழகாக எழுத சிராங்கூன் சாலை வட்டாரத்தில் ஆள் கிடையாது. தலைப்புக்கு அடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு, சமக்குறிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்று, விடையைச் சுற்றி ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் இருப்பதுதான் தப்பாக இருக்கும். என் கணக்கு டீச்சர் ஒருமுறை, "முழுக்கத் தப்பு. ஆனால் அச்சடித்ததுபோல் இருக்கிறது" என்று எழுதித் தந்தார். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வீட்டில் படித்துக் காட்டினேன்.

இப்படிப்பட்ட நான் பல்கலைக்கழகத்தில் நிதியியல் படிக்கத் தீர்மானித்தேன்.

காரணம் ஒரு சேலை. சிங்கப்பூர் தனி நாடாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஊரே எதையோ புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் எதையும் தொடங்காமல் இருப்பதாக எனக்கு ஒரே பரபரப்பு. ஒருநாள் ராஃபிள்ஸ் பிளேசில் பேருந்துக்காக நின்றபோது, நீல வாயில் துணிச் சேலை கட்டிய ஒரு பெண் கையில் கோப்புகளோடு ஒரு வங்கியின் படியேறினாள். வாசலில் காவலிருந்த தலைப்பாகைக்காரர் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். நாமும் ஒருநாள் அந்தக் கதவு வழியாக நுழைய வேண்டும் என்று அங்கேயே முடிவுசெய்தேன். உள்ளே போய் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று யோசிக்கவே இல்லை. (யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வழியில்லை.)

விண்ணப்பத்தை என் கையெழுத்துக் காப்பாற்றியது. நேர்முகத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

"கெடச்சா படி. கெடைக்கலன்னா மறுநாளே டைப்பிங் கிளாஸ்," என்றார் அப்பா.

நேர்முகத்துக்கு முந்தின நாள் மாலை அண்ணனிடம் போய் நின்றேன். அண்ணன் பொதுப்பணித் துறையில் வரைபடம் வரைபவர். கால்குலேட்டர் வராத அந்தக் காலத்தில் கணக்குப் போடும் கூட்டத்துக்கெல்லாம் ஸ்லைடு ரூல்தான். பார்த்தால் அடிக்கோல் மாதிரி இருக்கும், மேலே எண்கள், நடுவில் ஒரு குச்சி முன்னும் பின்னும் நழுவும். அதை நழுவவிட்டுப் பெருக்கலாம், வகுக்கலாம். நிதியியலுக்கு வருகிற பையன்கள் ஆளுக்கொன்று சட்டைப்பையில் செருகி வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"உனக்கு எதுக்கு? கோடு போடவா?" என்றார் அண்ணன்.

(ஏற்கெனவே அவருக்குத் தெரியாமல் அதை வைத்து மூன்று கோடு போட்டிருந்தேன். அருமையாக வந்திருந்தன.)

"சும்மா கையில வெச்சிருக்கத்தான் அண்ணே."

"கேட்டுத் தொலைச்சாங்கன்னா? இங்க பாரு. நடுக்குச்சியில இருக்கிற ஒண்ண, கீழ ரெண்டுக்கு நேரா வை. இப்ப குச்சியில மூணு எங்க இருக்கு? அதுக்குக் கீழ என்ன?"

"ஆறு!"

"ரெண்டு மூணா ஆறு. இத மட்டும் நல்லா பழகிக்கோ, போதும்லா. ஒரு கீறல் விழுந்துச்சு, நீ வீட்டுக்கே வராத."

அன்று மாலை முழுவதும் இரண்டு மூன்று ஆறு என்று தள்ளித் தள்ளிப் பழகினேன். வேறு எந்த எண்ணையும் தொடவில்லை.

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். அம்மாவுக்கு அது வழக்கம். அண்ணனின் சைக்கிள், அப்பாவின் குடை, என் பேனா என்று முக்கியமான காரியத்துக்குப் புறப்படும் எதற்கும் சந்தனமும் குங்குமமும் இல்லாமல் படி தாண்ட அனுமதி கிடையாது. நான் கவனிக்கவில்லை. அவசரமாக எடுத்து, பாதி வெளியே தெரியும்படி கைப்பையில் செருகிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர். தும்பைப்பூ நிறத்தில் சட்டை. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் நினைவில் தமிழாகவே பதிந்துவிட்டது.

"ஏன் நிதியியல்?"

எழுதி மனப்பாடம் செய்த பதில் மறந்துபோனதால் நீலச் சேலைக் கதையைச் சொன்னேன். கதவு திறந்த இடத்தில் எழுந்து நடித்தே காட்டினேன். அவர் சிரித்தார். வங்கிக்குள் ஒரு கால் வைத்தாகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு என் சான்றிதழில் கணக்கு மதிப்பெண் இருந்த வரிக்கு அவர் கண் போனது. சிரிப்பு நின்றது.

"இது..." என்று இழுத்தவர், கைப்பையைப் பார்த்தார். "பரவாயில்லை, ஸ்லைடு ரூல் வைத்திருக்கிறீர்களே! பதினேழையும் இருபத்து மூன்றையும் பெருக்கிக் காட்டுங்கள்."

குத்துமதிப்பாக நகர்த்தி ஏதாவது சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். குச்சி நகரவில்லை. அழுத்தினேன். அசையவில்லை. அறை முழுவதும் பூசையறை வாசம் பரவியது. அப்போதுதான் புரிந்தது: அம்மா மேலே பொட்டு வைத்ததோடு விடவில்லை.

முழங்காலில் அண்டக்கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்தேன்.

விடுபட்டது. விடுபட்ட குச்சி மேசையைத் தாண்டிப் பறந்து பேராசிரியரின் மார்பில் போய் மோதி விழுந்தது. வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று சிவப்பு. அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. மெதுவாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரத்தம் இல்லை சார்! குங்குமம்! அம்மா பொட்டு வைத்திருக்கிறார்கள்!"

"இதற்கா?"

"சைக்கிளுக்கும் வைப்பார்கள் சார்."

அவர் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார்; சிவப்பு இன்னும் பரவியது. பிறகு, பாவம், என்னை ஆற்றுப்படுத்த நினைத்து, "பதறாதீர்கள். அந்தக் கருவியே வேண்டாம். எளிதாகத் தொடங்குவோம். இரண்டையும் மூன்றையும் பெருக்கினால்?" என்றார்.

உலகத்திலுள்ள அத்தனை கேள்விகளிலும் அதே கேள்வி! எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன்.

"ஐந்து!"

"நிச்சயமாகவா?"

"மிக நிச்சயமாக சார்!"

நன்றி சொல்லி, குச்சியைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நீலச் சேலைக்கு எந்தக் கரை பொருந்தும் என்று யோசித்தபடியே சென்றேன். இரண்டாவது நிறுத்தம் தாண்டியதும் மடியில் இருந்த குச்சியைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... நான் பெருக்கவில்லை, கூட்டியிருந்தேன்!

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினேன். புக்கிட் தீமா சாலை வெயிலில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே ஓடினேன். கதவைத் தட்டக்கூட இல்லை. என் நாற்காலியில் இப்போது ஒரு சீனப் பையன் உட்கார்ந்திருந்தான்.

"ஆறு! சார், ஆறு!"

பையன் பயந்து எழுந்து நின்றான். பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார்.

"சரிதான். பதினேழுக்கும் இருபத்து மூன்றுக்கும் எந்த நிறுத்தத்தில் இறங்குவீர்கள்?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சொல்லி முடித்திருக்கவில்லை. "தப்பான விடையைத் திருத்துவதற்காக ஓடி வந்தவர் இன்றைக்கு நீங்கள் ஒருவர்தான். இடம் தருகிறேன். ஆனால் முதல் பருவத்தில் தனியாகக் கணக்கு வகுப்பு. தேறாவிட்டால் வேறு துறை."

வீட்டில் இரண்டு துண்டாகக் கிடந்த ஸ்லைடு ரூலைப் பார்த்து அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடினார்.

அம்மா நிதானமாகச் சொன்னார்: "நடுவுல கழண்டு கழண்டு வந்துச்சுடா. போற எடத்துல விழுந்திடப் போகுதேன்னு சந்தனத்த அப்பி இறுக்கி வெச்சேன். அதனாலதான் இவளுக்கு எடமே கெடச்சிருக்கு."

கணக்கு வகுப்பில் தேறினேன், கோடுகளின் உதவியில்லாமல். (பதினேழு பெருக்கல் இருபத்து மூன்று, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.) ராஃபிள்ஸ் பிளேசில் வேலையும் கிடைத்தது. முதல்நாள் நீல வாயில் சேலைதான். தலைப்பாகைக்காரர் எழுந்து கதவைத் திறந்தார். எந்தப் பரிசளிப்பு விழாவிலும் எனக்கு அப்படி மேனி சிலிர்த்ததில்லை.

இன்று அந்த வங்கியில் கடன் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. என் கையெழுத்தில்லாமல் கப்பல் கம்பெனிக்காரர்கள்கூடக் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் பிடோக்கில் அண்ணன் வீட்டுக்குப் போனால், எனக்கும் என் கணவருக்கும் இரண்டு தட்டு, தட்டுக்கு மூன்று வடை என்று வைத்துக் கொண்டுவருவார். மேசைமேல் வைப்பதற்குமுன் என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடிப்பார்.

"உன் கணக்குப்படி அஞ்சுதானே?"

திருமணமானதிலிருந்து தீபாவளிக்கு எனக்கு இரண்டு வடைதான்.