பக்கத்து வீட்டு அறுபத்துநாலு

கொக்கோலா,
நவம்பர் 9, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஆர்மாஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கைசுவின் கணவன் பெந்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என்னுடைய நாற்பத்து மூன்று பழைய கம்ப்யூட்டர்களும் விளையாட்டுப் பெட்டிகளும் நலம். தங்கள் தங்கை மிக மிக நலம். அவ்வளவு நலம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கு தாங்களும், அக்கா இர்மேலியின் இடுப்பும், வேட்டை நாயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய கடமான் இறைச்சி வந்து சேர்ந்தது. அதில் பாதி எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதும் கீழே வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரன் அல்ல. முப்பத்தொரு வருட இல்லறத்தில் தங்கள் தங்கையிடம் ஒருநாளும் 'எங்கே போகிறாய்' என்று கேட்டதில்லை. கேட்க எனக்கு நேரம் இருந்ததில்லை என்பதும் உண்மை. துறைமுகத்தில் கிரேன் பரிசோதகனாக இருந்த காலத்திலிருந்தே பழைய கம்ப்யூட்டர் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. சும்மா வாங்கி அடுக்குகிறவன் இல்லை நான். ஒவ்வொன்றையும் திறந்து, தூசி எடுத்து, ஆயுள் முடிந்த கெப்பாசிட்டரையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்து ஈயம் உருக்கிச் சால்டர் செய்து, மஞ்சள் படிந்த மூடிக்கு முடி வெளுக்கும் மருந்தைப் பூசி ஜூன் மாத வெயிலில் கிடத்தி வெள்ளையாக்கி, கேசட் இருந்த இடத்தில் மெமரி கார்டு பொருத்தி, உறை போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். உறைகள் தங்கள் தங்கை தைத்தவை. மற்றபடி அவள் அந்த அறைக்குள் வருவது ஜன்னல் திறக்க மட்டும்தான். யாரையும் நான் தொட விடுவதில்லை. மனித விரலில் எண்ணெய் இருக்கிறது மச்சான்.

எங்கள் வரிசை வீட்டில் என் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ரௌனோ. பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பதிமூன்று வருஷம் ஆகிறது. ('அவர்' என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். கடிதம் முடிகிறவரை தாக்குப்பிடிக்குமா தெரியவில்லை.) அந்தப் பதிமூன்று வருஷமாக வாரம் ஒருமுறை என் வாசல்படியில் வந்து நின்றுகொண்டு, "என்ன பெந்தி, இந்த பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் இன்னும் குப்பையில போடலயா?" என்று கேட்பார். நானும் "போடல" என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். எங்கள் சிநேகம் இப்படி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பரில் எல்லா வீட்டாரும் சேர்ந்து முற்றம் சுத்தம் செய்யும் நாள் வந்தது. நான் ஏணிமேல் நின்று கூரை விளிம்புத் தண்ணீர்க் குழாயில் அடைத்திருந்த பிர்ச் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தேன். கடைசி வீட்டு அம்மா பரண் சாமான்களைக் கொண்டுவந்து குப்பை டிரெய்லரில் கொட்டினார். அதில் ஒரு பழுப்பு நிறக் கொமடோர் அறுபத்துநாலு கம்ப்யூட்டர், கேசட் பெட்டியோடு, ஜாய்ஸ்டிக்கோடு! "அதத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே நான் இறங்குவதற்குள், இந்த ரௌனோ குனிந்து அதை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "பெந்தி இவ்வளவு பதறினா ஏதோ நல்ல சாமான்தான்" என்றார். என்னிடம் ஏற்கனவே நாலு அறுபத்துநாலு இருக்கின்றன. அது எனக்குத் தேவையே இல்லை. ஆனால் அவனிடம் ஒன்று இருக்கவேண்டும் என்பதும் தேவையில்லையே? (பார்த்தீர்களா, 'அவன்' வந்துவிட்டது.)

அடுத்த நாள் கடமை உணர்ச்சியோடு போய்க் கதவைத் தட்டினேன். "ரௌனோ, நாற்பது வருஷத்துப் பெட்டி. திறந்து பார்க்காம கரண்ட் குடுக்காதே, உள்ளே எது வேணாலும் கருகலாம்" என்றேன். "குடுத்தாச்சு. ஓடுது" என்றான். என்னுடைய நாலும் ஓடுவதற்கு நான் நாலு குளிர்காலம் செலவழித்தேன் மச்சான். இவன் ஒரு பழைய தடி டிவியில் வயரைச் சொருகினான், ஓடிற்று.

அதுவும் போகட்டும். தங்கள் தங்கை அவன் வீட்டுக் கேக் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். பாத்திரம் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று மணி நேரம் கழித்துக் கண்ணெல்லாம் சிவந்து, கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு வந்தாள். பயந்துபோய், "என்னம்மா ஆச்சு?" என்றேன். "ஆறாவது வளைவு வரைக்கும் போயிட்டேன்" என்றாள். அந்தக் கேசட்டில் ஒரு ஆட்டம் இருக்கிறது. ஆற்றில் மிதந்துவரும் மரக்கட்டைகள்மேல் ஒருத்தன் தாவித் தாவி மர ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு வியாழக்கிழமை, அப்புறம் செவ்வாயும் வியாழனும், அப்புறம் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு. ஒருநாள் தாங்கள் அனுப்பிய கடமான் இறைச்சியில் பாதியையும் கொண்டுபோய், "ஆட்டத்த நடுவுல விட முடியல, அங்கயே சமைச்சிட்டோம்" என்று வந்து சொன்னாள்.

நான் ஒட்டுக் கேட்கிறவன் இல்லை. ஆனால் சுவர் என் சுவரும்தானே? ஒரு காப்பிக் கோப்பையை அதில் வைத்து, கோப்பைமேல் காதை வைத்தேன். "குதி கைசு, குதி! இடது பக்கம், இடது பக்கம்! போச்சு, முழுகிட்டே!" என்று அவன். பிறகு ஒரு சிரிப்பு. மச்சான், முப்பத்தொரு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் மூன்று தடவைதான் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்று தங்கள் கல்யாணத்தில் தாங்கள் ஏரியில் விழுந்தபோது.

சரி, நம் வீட்டில் இல்லாததா என்று யோசித்து, என்னிடமிருப்பதில் மிக நல்ல அறுபத்துநாலை மேஜையில் எடுத்து வைத்தேன். அதே ஆட்டம். என்னுடையதில் இரண்டே நொடியில் ஏறிவிடும். "வாம்மா, இங்கயே ஆடு" என்றேன். சந்தோஷமாகத்தான் வந்தாள். கையைக் கழுவச் சொன்னேன். துடைத்துக்கொள்ளச் சொன்னேன். ஜாய்ஸ்டிக்கை நெரிக்காதே என்றேன், மேஜையில் முழங்கையை ஊன்றாதே என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். நாலு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். "உங்க ரூம்ல ஆடினா பல் பிடுங்கிக்க உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றாள். இருபத்தெட்டு வருஷம் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறாள்! "அவன் பெட்டியில கேசட் ஏறவே பதினோரு நிமிஷம் ஆகுமே, அது நல்லாருக்கா?" என்று கேட்டேன். "அதுதான் நல்லாருக்கு. ஏறி முடியறதுக்குள்ள காப்பி குடிச்சிட்டுப் பேசிட்டிருப்போம்."

"என்ன பேசுவீங்க?"

"உங்களப் பத்திதான்."

"என்னப் பத்திப் பதினோரு நிமிஷம் பேச என்ன இருக்கு?"

"அது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்புறம் வேற பேசுவோம்" என்றாள்.

அந்த ஒன்பது நிமிஷம்தான் மச்சான் என்னைத் தின்றுவிட்டது. பல் தேய்க்கும்போதும், சவுனா நீராவி அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே நினைப்பு. கடைசியில் ஒரு யோசனை தோன்றிற்று. இலவங்கப்பட்டை பன் நாலு வாங்கிக்கொண்டு ரௌனோ வீட்டுக்குப் போனேன். "உன் பெட்டிய என்கிட்ட குடு. உள்ளே பூரா புதுசாக்கித் தரேன். கேசட்டை எடுத்துட்டு மெமரி கார்டு வெச்சிடறேன், ஆட்டம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஏறிடும். காசே வேண்டாம்" என்றேன். காத்திருக்கும் நேரம் ஒழிந்தால் பேச்சும் ஒழியும் அல்லவா? அவன் மாட்டேன் என்பான் என்று நினைத்துப் பத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். "எடுத்துட்டுப் போப்பா. நீ எப்பக் கேப்பேன்னுதான் பாத்திட்டிருந்தேன்" என்று அவனே வயரைச் சுருட்டிக் கொடுத்தான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

இனி எழுதப்போவதைத் தாங்கள் அக்காவிடம்கூடச் சொல்லவேண்டாம். பெட்டியைத் திறந்தேன். தூசி, ஒரு செத்த அந்துப்பூச்சி, ஒரு கொண்டை ஊசி. துடைத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அந்த ஆற்றுச் சத்தம் கேட்டது. தாங்கள் கேட்கவேண்டும் மச்சான். இந்தப் பெட்டிகளில் சத்தம் போடுவதற்கென்று ஒரு சிப் இருக்கிறது. பழைய சிப்களில் ஒன்று ஒலிப்பதுபோல் இன்னொன்று ஒலிக்காது. என் நாலு பெட்டியிலும் ஆறு என்பது வாணலியில் ஏதோ பொரிகிற மாதிரிதான் இருக்கும். இவனுடையதில் உண்மையாகவே தண்ணீர் ஓடியது. அடியில் கல் உருள்வதுகூடக் கேட்ட மாதிரி இருந்தது. குப்பையிலிருந்து அக்குளில் இடுக்கி வந்த பெட்டியில்! என் கை தானாகப் போயிற்று என்று எழுதலாம். ஆனால் தானாகப் போகவில்லை. இடுக்கியைத் தேடி எடுத்து, விளக்கைச் சரிசெய்து, மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டுதான் போயிற்று. அவன் சிப்பைக் கழற்றி என் பெட்டியில் வைத்தேன். என் சிப்பை அவன் பெட்டியில் வைத்தேன். ஒன்பது நாள் கழித்து, மூடியைப் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆட்டம் இரண்டு நொடியில் ஏறிற்று. காப்பி இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கவில்லை. தங்கள் தங்கை ஒரு கட்டை தாவினாள், இரண்டு கட்டை தாவினாள், நிறுத்திவிட்டாள்.

"தண்ணிச் சத்தம் வேற மாதிரி இருக்கே."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றான் ரௌனோ.

"தண்ணி ஓடல, பொரியுது" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தன் வாயைத் திறப்பதற்கு முன்பே எந்தப் பல் சொத்தை என்று தெரிந்துகொள்கிற பார்வை அது. "புது கெப்பாசிட்டர். பழகக் கொஞ்ச நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவள் துணி காயப்போடப் போயிருக்கிறாள் என்று நினைத்து, என் அறையில் ஆற்றை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆடக்கூட இல்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் கதவருகே ஈரத் துணிக் கூடையோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "இது ரௌனோ வீட்டு ஆறு" என்றாள். "நீங்களே போய்க் குடுத்துடுங்க. நான் கூட வரமாட்டேன்." கிரேன் அறுந்து விழுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போதுகூட எனக்கு இதைவிடத் தைரியம் இருந்தது.

சிப்பைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாசல்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிப், மெமரி கார்டு, சுவரில் வைத்த கோப்பை, ஒன்றையும் விடவில்லை. ரௌனோ தீப்பெட்டியை வாங்கித் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு இது ஓடினாலும் ஒண்ணுதான், பொரிஞ்சாலும் ஒண்ணுதான். முப்பது வருஷம் லாரி இன்ஜின் பக்கத்துல உக்காந்த காது. ஆட்டமும் எனக்கு வராது" என்றான்.

"அப்புறம் எதுக்குய்யா அன்னிக்குத் தூக்கிட்டுப் போனே?"

"உன் வீட்டுச் சுவர் வழியா எனக்கும் கேக்கும் பெந்தி. நீ அந்த ரூம்ல தனியா உக்காந்து டப்பாக்கிட்ட பேசிட்டிருப்பே, 'வாடா ராஜா, ஓடுடா'ன்னு. உனக்குப் பேசறதுக்கு நாப்பது பேர் இருக்கு, எனக்கு ஒண்ணுகூட இல்லன்னு தோணும். பதிமூணு வருஷமா உன் வாசல்ல வந்து நிக்கறேன். கேலி பண்ணத்தான் வரேன்னு நினைச்சியா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'உள்ள வா, இதப் பாரு'ன்னு சொன்னியாடா?"

பொறாமை என்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே சரக்குதான், ஆனால் பதிமூன்று வருஷம் பழசு. "உள்ள வந்து தொலை, குளிர் வருது" என்றான். போனேன். அங்கேயே மேஜைமேல் பெட்டியைத் திறந்து, சிப்பைத் திருப்பி வைத்தேன். மெமரி கார்டைப் பிடுங்கினேன். கேசட் பெட்டியை மறுபடி மாட்டினேன். சுவரைத் தட்டிக் கைசுவைக் கூப்பிட்டோம். கேசட் கீச்சுக் கீச்சென்று பதினோரு நிமிஷம் ஏறிற்று. அன்றுதான் ரௌனோவின் மனைவி பெயர் லெம்பி என்று எனக்குத் தெரிந்தது. பிறகு நான் ஆடினேன், இரண்டாவது கட்டையிலேயே முழுகினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மச்சான், கோப்பை இல்லாமல் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது.

ஆகவே, தங்கள் தங்கையைப் பற்றி நான் மேலே எழுதிய குற்றச்சாட்டுகளை எழுதாததாகவே பாவித்துக்கொள்ளவும். என் மனதில் இப்போது யார்மேலும் ஒரு பொட்டுப் பொறாமை கிடையாது. ரௌனோவுக்குச் சால்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, பழைய சால்டரிங் அயன் ஒன்றையும் கொடுத்திருக்கிறேன். தங்களுக்கும் அக்காவுக்கும் நீண்ட ஆயுளும், பனிக்காலக் காலைகளில் வண்டி முதல் தடவையிலேயே கிளம்பும் பாக்கியமும் கிடைக்க வேண்டுகிறேன். நாயின் தலையில் என் சார்பாக ஒருமுறை தடவவும்.

இப்படிக்கு,
அடங்கிய மனத்துடன்,
பெந்தி

பி.கு.: மேலே உள்ளதை நேற்றே எழுதிவிட்டேன், தபாலில் போடவில்லை. இன்று காலை ரௌனோ தானாகவே சால்டர் செய்த சர்க்யூட் பலகையைக் கொண்டுவந்து காட்டினான். நூற்றுப்பன்னிரண்டு இணைப்பு. ஒவ்வொன்றும் பனித்துளி மாதிரி உருண்டையாக, ஒரே அளவில் மின்னுகிறது. என்னுடையது முப்பது வருஷமாகச் சளி ஒழுகின மாதிரிதான் இருக்கிறது. கைசு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான கை வேலைய நான் எந்த டாக்டர்கிட்டயும் பாத்ததில்ல" என்றாள். என் அலமாரியிலிருக்கும் இரண்டு பெட்டிகளை அவனிடம் கொடுத்துச் சரிபார்க்கவும் சொல்கிறாள். மச்சான், தங்கள் குவோப்பியோ பக்கம் அவனுக்கு ஏதாவது வேலை இருந்தால், வீட்டோடு சேர்த்துப் பார்த்து உடனே எழுதவும். லாரி பிரமாதமாக ஓட்டுவான். சால்டரும் நன்றாக... சுமாராகச் செய்வான்.