கொக்குச் சங்கத்து வாயிற்போர்

விலகுங்கள்! வழி விடுங்கள்! ஓடுகிறான் ஆர்வில் டிங்மன்!

அமெரிக்காவில் சோளக்காடு சூழ்ந்த அயோவா நாட்டின் எல்ம்ஃபோர்க் நகரத்துக் கடைவீதியில், ஆகஸ்ட் வெயில் அனலை வாரி இறைக்கும் பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு, இறகு செருகிய தொப்பியை இடக்கையால் அமுக்கிப் பிடித்து, கொக்குப் பூவேலை செய்த நீலப்பட்டுக் குறுக்குப்பட்டை தோளிலிருந்து நழுவி முழங்காலைத் தட்ட, எதிர்ப்பட்ட வாக்காளர் ஒருவரையும் விடாமல் வலக்கையால் வணங்கிக்கொண்டே ஓடுகிறான்!

வாழ்க அவன்! கைகுலுக்கியே காய்த்துப்போன கரதலத்தான்; எந்தக் குழந்தையைக் காட்டினாலும் "அப்படியே அப்பா ஜாடை" என்று அஞ்சாமல் உரைக்கும் நாவினன்; சட்டசபையின் கடைசி வரிசை நாற்காலியை நான்காண்டுகளாகத் தன் கனத்தாலேயே கட்டிக் காத்த காவலன்; கொக்கு, கரடி, கோடரி, நங்கூரம், தேனடை, முப்பிறை, வெண்கலத் திறவுகோல் என்னும் ஏழு சகோதரச் சங்கங்களிலும் ஒருங்கே புகுந்து, ஏழு சத்தியம் செய்து, ஏழு விதமாய்க் கைகுலுக்கக் கற்ற எழுமன்ற ஏந்தல்! அவன் ஓட்டத்தைக் கண்டு தெருநாய்கள் ஒதுங்கின. நிழலில் நின்ற குதிரைகள் காதை நிமிர்த்தின. பேரங்காடி வாசலில் நின்ற ஃபோர்டு கார் ஒன்று மட்டும் மரியாதையின்றி அப்படியே நின்றது.

எதற்காக இந்த ஓட்டம்? இரும்புக்கடை மாடியில் கூடும் விசுவாசக் கொக்குகள் சங்கம், மாவட்டச் சந்தை ஊர்வலத்தில் தன் கொடியை ஏந்தப்போகிறவர் யார் என்று அன்று மூன்று மணிக்குத் தேர்ந்தெடுக்கப் போகிறது. சங்கத்துக்குள் அரசியல் பேசக் கூடாது என்பது ஸ்தாபகர் விதித்த விதி. பேசக் கூடாது என்பதாலேயே அங்கே நடப்பதெல்லாம் அரசியலாக இருந்தது. கடந்த ஐந்து தேர்தலிலும் ஆகஸ்டில் கொக்குக்கொடி ஏந்தியவனே நவம்பரில் சட்டசபை ஏறினான். போன முறை டிங்மன் வென்றதோ வெறும் பத்தொன்பது வாக்கில். கொடி போனால் நாற்காலி போகும். மூன்றாம் மணி அடித்ததும் கதவு தாழிடப்படும். உள்ளே இல்லாதவன் பெயரை யாரும் முன்மொழிய முடியாது.

"இந்தத் தடவையாவது நேரத்துக்குப் போய்ச் சேருங்க. வழியில பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பேச நிக்காதீங்க," என்று பட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்த மனைவி மேபல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனும் நிற்கவில்லை; பதினோரு பேரிடம் ஓடியபடியேதான் பேசினான்.

மாடிப்படிகள் இருபத்திரண்டு. முதல் ஒன்பதையும் சிங்கம் குன்றேறுவதுபோல் ஏறினான். பத்தாம் படியில் கால் வைத்தபோது, அந்தோ, அவன் நெஞ்சில் இடி விழுந்தது.

ரகசியச் சொல்!

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சங்கத் தலைவர் புதுச்சொல் ஒன்றைக் காதோடு காதாக ஓதுவார். அதை எழுதி வைக்கக் கூடாது. இன்னொரு கொக்கிடம் கேட்கவும் கூடாது. கேட்டால், கேட்டவன் தொப்பியிலும் சொன்னவன் தொப்பியிலும் ஓராண்டுக்கு இறகு பறிக்கப்படும். வாசலில் ஒரே ஒரு வாய்ப்பு. சொல் தப்பினால் வந்த படியே இறங்க வேண்டியதுதான். டிங்மனுக்கோ ஜூலை முதல் வாரத்தில் ஏழு சங்கத்துத் தலைவர்கள் ஏழு சொல்லை ஏழு விதமான மீசை உரசலோடு காதில் ஓதியிருந்தார்கள். அவற்றில் ஆறு நினைவிலிருந்தன. அந்த ஆறும் எந்தெந்தச் சங்கத்தவை, காணாமற்போன ஏழாவது எது என்பது அவனைப் படைத்தவனுக்கே வெளிச்சம். 'நள்ளிருள்' என்பது கரடியா, முப்பிறையா? 'பொற்கதிர்' தேனடைக்கு உரியதா, கோடரிக்கா? பதினோராம் படியிலிருந்து இருபத்தோராம் படிவரை, மறதியென்னும் மாகடலில் மூழ்கி மூழ்கி வெறுங்கையோடு எழுந்தான் வீரன்.

இருபத்திரண்டாம் படியில் எதிரி நின்றிருந்தான்.

தோர்வால்ட் நெஸ்ஹெய்ம்! எதிர்க்கட்சியான கழுதைச் சின்னக் கட்சியின் கொம்பன்; விதை வியாபாரி; நெடுமரம்போல் உயர்ந்து நின்று, குனிந்து குனிந்தே குசலம் கேட்பவன்; அதே சங்கத்தின் சகோதரக் கொக்கு. சாத்திய கதவின் முன்னே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஏன் உள்ளே போகவில்லை? தான் தோற்பதைக் கண்குளிரக் காணவே காத்திருக்கிறான் என்று டிங்மனின் உள்ளம் கொதித்தது. மறுகணமே அதில் ஒரு மின்னல் வெட்டியது. இவனை முன்னே தள்ளினால் சொல் என் காதில் விழும்! அது மட்டும் போதும்!

அயோவா மண்ணில் வாளுக்கும் வேலுக்கும் மேலான ஆயுதம் ஒன்றுண்டு. அதன் பெயர் உபசாரம். இரு தரப்பிலும் அது உறையிலிருந்து உருவப்பட்டது.

"அடடே, பிரதர் டிங்மன்! என்னங்க இப்படி மூச்சு வாங்குது? போங்க போங்க, நீங்க முன்னாடி போங்க."

"அது எப்படிங்க பிரதர்? முதல்ல வந்தது நீங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"முறையாவது ஒண்ணாவது! சட்டசபை மெம்பர் நிக்கும்போது நான் நுழைஞ்சா ஊரு காறித் துப்பாது?"

"ஊரு கெடக்கு. உங்க முட்டிவலி எப்படி இருக்கு? நின்னா நோகுமே. உள்ள போய் உக்காருங்க."

"முட்டியா? அது போன மழையிலேயே ஓடிப்போச்சு. உங்க இடுப்புப் பிடிப்புதான் பாவம்னு உங்க வீட்டம்மா சர்ச்சுல சொன்னாங்க. இடுப்புக்காரர் முதல்ல."

முட்டிக்கணையை இடுப்புக்கணை இருகூறாக்கியது. டிங்மன் தளரவில்லை, சோள விளைச்சல் என்னும் சூலத்தை எறிந்தான். நெஸ்ஹெய்ம் மருமகளின் பிரசவம் என்னும் கேடயத்தால் தடுத்தான். ஒருவன் கதவின் வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட, மற்றவன் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட, நடுவே இரண்டு குதிரை வண்டி போகும் அகலத்தில் வழி திறந்து கிடக்க, போவாரில்லை. இவன் கைநீட்ட அவன் தலைவணங்க, அவன் கைநீட்ட இவன் தொப்பி தூக்க, புகழுரையும் மறுப்புரையும் இடியும் மின்னலுமாய் மோதிய அப்பெரும்போரில் வியர்வை ஆறாய்ப் பெருகிப் படிக்கட்டில் சொட்டியது. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். அங்கே நின்ற இரண்டு கொக்குகளும் ஆளுக்கு அரை மதியோடு நின்றன.

அப்போது படியில் காலடி கேட்டது. வந்தவன் லெஸ்டர் பாட்ஸ். பன்றிப் பண்ணைக்காரன், எந்தப் பதவிக்கும் நிற்காதவன், எதன்மேலும் ஆசையில்லாதவன், கையிலிருந்த அவித்த சோளக்கதிரைத் தவிர. மோவாயில் வெண்ணெய் வழிந்தது.

"என்ன, ரெண்டு பெரிய மனுசங்களும் சேர்ந்து கதவுக்குக் காவலா?"

"சும்மா காத்தாட நிக்கிறோம் பிரதர். நீங்க முன்னாடி போங்க!" என்றன இரு குரல்கள் ஒரே மூச்சில்.

லெஸ்டர் கதிரை ஒருமுறை நன்றாகக் கடித்துக்கொண்டு மும்முறை தட்டினான். கதவிலிருந்த சின்னப் பலகை விலகியது. உள்ளே வாயிற்காவலன் எமில் குபிச்செக்கின் மீசை தெரிந்தது. ஊர் முழுவதற்கும் சவரம் செய்யும் அந்தக் கை இப்போது வெள்ளிமுலாம் பூசிய ஈட்டியைப் பிடித்திருந்தது.

"தட்டுபவன் யார்?" என்று கர்ச்சித்தான் எமில். "எந்த நீர்நிலையின் கொக்கு நீ? சொல்லைச் சொல்!"

டிங்மன் தன் செவியை முழுதும் ஒரு சொல்லின்பால் செலுத்தினான். நெஸ்ஹெய்மும் கழுத்தை நீட்டினான். இரண்டு தலைகள் லெஸ்டரின் இரு தோளுக்கும் மேலே மோதிக்கொள்ளும் தூரத்துக்கு வந்தன.

"ம்ம்ஃப் ம்ஹ்ம்," என்றான் லெஸ்டர் சோளம் நிறைந்த வாயால்.

கதவு திறந்தது. லெஸ்டர் நுழைந்தான். கதவு மூடியது.

ஐயகோ! கைக்கெட்டிய அமுதம் வாய்க்கு எட்டவில்லை. பிறர் வாயில் சிக்கி மசிந்துபோயிற்று! 'ம்ம்ஃப்' என்று தொடங்கும் சொல் யாது? உலகத்து மொழிகளையெல்லாம் டிங்மன் மனத்துள் துழாவினான். பக்கத்தில் நெஸ்ஹெய்மின் உதடுகளும் ஓசையின்றி ஏதோ மென்றுகொண்டிருந்ததை அவன் கவனித்தான். பிரார்த்தனை செய்கிறான் என்று எண்ணிக்கொண்டான்.

டாண்!

நீதிமன்றக் கோபுரக் கடிகாரம் முதல் மணியை முழக்கியது. உபசாரம் உடைந்தது. இரு யானைகள் ஒரே மடைவாயில் புகுந்தாற்போல் இருவரும் ஒருசேரக் கதவின்மேல் பாய்ந்தார்கள். தோளோடு தோள் இறுகியது. கொக்கிறகுகள் பின்னிக்கொண்டன. நான்கு கைகள் நாற்பது தட்டுத் தட்டின. பலகை விலகியது.

"சொல்லைச் சொல்!"

டாண்!

டிங்மன் நெஸ்ஹெய்மின் வாயைப் பார்த்தான். நெஸ்ஹெய்ம் டிங்மனின் வாயைப் பார்த்தான். அண்டசராசரமும் அந்த இரண்டு வாய்களை நோக்கிக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை.

"பிரதர்களா!" ஈட்டிக்காரனின் கர்ச்சனை சட்டென்று இறங்கி, சவரக்கடைக் குரலானது. "யாராவது ஒருத்தர் வாயைத் தொறங்களேன். நேரமாச்சுல்ல!"

டாண்!

தாழ் விழுந்தது.

பிறகு டிங்மன் மேல்படியில் மெல்ல உட்கார்ந்தான். நெஸ்ஹெய்மும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏங்க, உள்ள போக வேண்டியதுதானே? நான்தான் அவ்வளவு சொன்னேனே," என்றான் டிங்மன்.

"நீங்க போயிருக்கலாமே."

"எனக்கு அது மறந்துபோச்சுய்யா."

நெஸ்ஹெய்ம் திரும்பி அவன் முகத்தையே பார்த்தான். "ரெண்டு மணியிலேருந்து நிக்கிறேன் ஆர்வில். யாராவது வந்து சொல்லட்டும், காதுல வாங்கிக்கலாம்னு. வர்ற பயல் எல்லாம் முணுமுணுன்னு சொல்லிட்டுப் போறான். ஒண்ணும் வெளங்கலை!"

டிங்மனுக்குச் சிரிப்பு வயிற்றின் அடியிலிருந்து கிளம்பியது. இருபதாண்டுகளாக ஒருவரையொருவர் மேடைதோறும் கிழித்துத் தொங்கவிட்ட இரு பெருந்தலைகள், நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தன. சிரிப்பினூடே மாடிக்குள்ளிருந்து கைத்தட்டல் எழுந்தது. கொடியேந்தியாக லெஸ்டர் பாட்ஸ் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

கொக்குக்கொடியின் வாக்கு பொய்க்குமோ? ஊர்வலத்தின் முன்னே லெஸ்டர் ஒரு கையில் கொடியும் மறுகையில் கதிருமாக நடந்த கோலத்தைக் கண்ட மக்கள், அவன் வேட்பாளரே இல்லை என்பதையும் பொருட்படுத்தாமல், நவம்பரில் வாக்குச்சீட்டின் அடியில் அவன் பெயரைத் தாங்களே எழுதிப் போட்டார்கள். முந்நூற்றாறு வாக்கு வித்தியாசத்தில் வென்று, பன்றிகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் சட்டசபைக்கு ரயிலேறினான். தோற்ற இருவரும் நிலையத்துக்கே போய் வழியனுப்பினார்கள். பெட்டியில் யார் அவனை முதலில் ஏற்றிவிடுவது என்று அங்கும் சிறிது நேரம் உபசாரம் நடந்தது.

மறுநாள் காலை, நாற்காலியிழந்த நாயகன் எமிலின் சவரக்கடை நாற்காலியில் சாய்ந்து, கழுத்துவரை வெள்ளைத்துணி போர்த்தி, நுரை பொங்கும் முகத்தோடு, நெடுநாளாய் நெஞ்சைக் குடைந்த கேள்வியை எழுப்பினான்.

"எமில், அன்னிக்கு லெஸ்டர் என்னதான் சொன்னான்? இப்பவாவது சொல்லேன். சொல்லு மாறுற காலம் வந்தாச்சே."

கத்தி கன்னத்தின்மேல் நின்றது.

"'கொஞ்சம் இரு, முழுங்கிக்கிறேன்'னான்."

"அதுக்கா கதவைத் தொறந்தே?"

கண்ணாடியில் எமிலின் முகம் சிவந்தது. அன்று அவன் ஈட்டியின் பளபளப்பென்ன, கர்ச்சனையின் கம்பீரமென்ன, கேட்கும் சொல்லையெல்லாம் கண்மூடி எடைபோட்டுத் தலையசைத்த தருமராசத் தோரணைதான் என்ன! விசுவாசக் கொக்குகளின் பொய்கையை இரவும் பகலும் காத்து நின்ற அந்த இமையா நாட்டத்தான், அஞ்சா நெஞ்சத்தான், ரகசியத்தின் ரத்தினக் கோட்டைக்குத் தலைவாயில் ஆனவன், கத்தியைத் தோல்வாரில் இருமுறை தீட்டிவிட்டு, மெதுவாகத்தான் உண்மையைச் சொன்னான்.

எமிலுக்கும் அந்தச் சொல் ஜூலை மாதமே மறந்துவிட்டது.