மலை இறங்கினால் பெட்ரோல் ஊறும்

வெள்ளிக்கிழமை காலை 8.52. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த திரையில், எண் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று சிறு கோடுகள் தெரிந்தன. அதற்கு முந்தைய நொடிவரை அங்கே 30 இருந்தது. அதாவது, மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்னும் முப்பது கிலோமீட்டர் போகலாம் என்று கார் எனக்கு எழுத்துமூலம் உறுதியளித்திருந்தது.

எழுத்திலும் எண்ணிலும் இருப்பதை நம்புவது என் தொழில் வியாதி. வேலூரில் நிருபர் வேலை. ‘ஏராளமானோர் திரண்டனர்’ என்று எழுதிக் கொடுத்தால், ‘ஏராளம்னா எத்தனை?’ என்று ஆசிரியர் கேட்பார். ஆகவே முள் என்றாலே எனக்கு இளப்பம். என் பழைய காரின் பெட்ரோல் முள், கண்ணாடியைத் தட்டினால் கொஞ்சம் ஏறும். பள்ளத்தில் இறங்கினால் படுத்துக்கொள்ளும். காலி என்று காட்டிய பிறகும் வண்டி இருபது கிலோமீட்டர் ஓடும். கார்களில் முள்ளின் காலம் முடிந்தது, இனி திரைதான் என்று ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் எழுதியும் இருந்தேன். (அதை எழுதும்வரை திரை வைத்த காரை நான் ஓட்டியதில்லை.)

ஓட்டக் கிடைத்தது அக்கா வீட்டுக்காரரின் கார். குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருப்பவர். அன்று அவர்கள் மகள் சரண்யாவுக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். ஏற்கெனவே ஒரு வரன், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி ஆறிப்போய் வந்தது என்பதற்காகக் கைவிட்டுப் போயிருந்தது. மாப்பிள்ளை வீடு ஆந்திர எல்லை தாண்டி வி.கோட்டாவில். உறவுக்காரர்கள் வேனில் முன்னால் கிளம்ப, மாப்பிள்ளையின் அப்பா அம்மாவை மட்டும் மரியாதையாகக் காரில் அழைத்துவருவது தாய்மாமனான என் பொறுப்பு.

“டேய், லேட்டு மட்டும் பண்ணிடாத” என்றாள் அக்கா. அவள் கேட்டது அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் அப்பா முனிரத்தினம், பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. முன்சீட்டில் ஏறியதும் திரையைப் பார்த்தார். 41 என்று இருந்தது. எதிரிலேயே ஒரு பங்க்.

“பெட்ரோல் போட்டுக்கினு போலாமா, சார்?”

“இங்க வேணாம் சம்பந்தி. ரேட்டு ஜாஸ்தி. கீழ போய்ப் போட்டுக்கலாம்.”

எங்கள் பக்கத்தில் யாரும் ஆந்திராவில் பெட்ரோல் போடுவதில்லை. அது சிக்கனம் என்பதைவிட ஒழுக்கம் என்று சொல்லலாம்.

மலைப்பாதையில் இறங்கத் தொடங்கினோம். 41 என்பது 44 ஆயிற்று, பிறகு 49, அடிவாரத்தில் 55. இறக்கத்தில் எஞ்சின் அதிகம் குடிப்பதில்லை, வழி முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று கார் கணக்குப் போடுகிறது. இது இன்று தெரியும். அன்று என் திறமை என்றே நினைத்தேன்.

“பாத்தீங்களா சம்பந்தி? போகப்போக ஏறுது.”

“ஊர்றதுக்கு இது இன்னா கிணறா?” என்றார். பின்சீட்டில் அவர் மனைவி சிரித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, “எங்க ஃபேக்டரில தோல் கனம் பாக்கறதுக்கு முள்ளு வச்ச கேஜு. டவுட்டுன்னா முள்ளு ஆடும். இது பொய் சொன்னாகூட ஆடாது போலக்கீதே” என்றார்.

ஆடாததற்குப் பெயர்தான் துல்லியம் என்று விளக்கினேன். என் கட்டுரையிலிருந்து இரண்டு வரிகள் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேரணாம்பட்டில், தொழிற்சாலை பஸ்களுக்கு நடுவே ஏசி ஓட ஓடக் கால் மணி நேரம் நின்றோம். பங்க்கில் நாலைந்து வண்டிகள் வரிசையில். திரையில் 43. குடியாத்தம் இருபது கிலோமீட்டர் சொச்சம். போக மிச்சம் இருபது. அதற்குமேல் பழைய கார் கொடுத்துப் பழக்கிய இன்னொரு இருபது. திரையின் துல்லியத்தையும் முள்ளின் தாராளத்தையும் ஒரே டாங்கியில் எதிர்பார்த்தேன். பங்க்கைத் தாண்டினேன்.

சமதளத்தில் கார் உண்மையை உணரத் தொடங்கியது. எண் மளமளவென்று இறங்கியது. பீப் என்று ஒரு சத்தம். சீட் பெல்ட்டுக்காக இருக்கும் என்று பட்டுப்புடவைக்குமேல் அந்த அம்மாவைப் பெல்ட் போட வைத்தேன். பிறகுதான் அந்தக் கோடுகள்.

“இன்னா சார், கோடு கோடா கீது?”

“கணக்கு போட்டுக்கிட்டிருக்கு, சம்பந்தி.”

ஆறு நிமிடத்தில் கணக்கு முடிந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் கார் நின்றது.

9.10க்கு அக்காவின் போன். “எங்கடா இருக்க?”

“வந்துட்டே இருக்கோம்” என்றேன். (உண்மையைச் சொல்லியிருந்தால் பைக்கில் பெட்ரோல் வந்திருக்கும். ‘முள்ளின் காலம் முடிந்தது’ என்று எழுதியவன் எப்படிச் சொல்வான்?) இரண்டு பஸ்கள் படிக்கட்டுவரை நிரம்பி, நிற்காமல் போயின. முனிரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மனைவி வந்த வழியையே திரும்பிப் பார்த்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. காபி ஆறியதற்கே போன வரன் நினைவுக்கு வந்தது.

9.34க்கு ஒரு லோடு வண்டி வேகம் குறைத்தது. ஓட்டிவந்தவர் அன்வர் பாய், முனிரத்தினத்தின் தோஸ்த். ராணிப்பேட்டைக்கு, மருந்தில் ஊறி நீலம் பாய்ந்த ஈரத்தோல் ஏற்றிப்போகிறவர்.

“இன்னா மேஸ்திரி, பட்டு வேட்டி கட்டிக்கினு இங்க நிக்கிற?”

“கணக்கு போட்டுக்கினு கீறோம், பாய்.”

விஷயம் கேட்டதும் அன்வர் பாய், “ஏறு, ஏறு. பேஜாரு புடிச்ச வண்டிய அப்பறம் பாத்துக்கலாம்” என்றார். சம்பந்திகள் இருவரும் அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். தாய்மாமன் பின்னால், தோல்மேல்.

10.07க்குக் குடியாத்தம். வாசலில் பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணத்தோடு பெண்கள். முதலில் வாடை போய்ச் சேர்ந்தது, பிறகுதான் நாங்கள். சரண்யா ஜன்னலருகே நின்று, மாப்பிள்ளையின் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கீழே இறங்கி, புடவையை நீவி, அக்காவிடம் சொன்னார்: “காபி சூடா கெடைக்குமா? உங்க தம்பி மலைய எறங்கறப்போ பெட்ரோல் ஊறிச்சுன்னாரு, கீழ வந்ததும் வத்திடுச்சு.”

சரண்யாதான் முதலில் சிரித்தாள்.

10.21க்குத் தட்டு மாற்றினார்கள். என் வெள்ளை வேட்டியின் பின்புறம் நீலமாகியிருந்ததால், விலைச்சீட்டு கிழிக்காத புது லுங்கியில் சபையில் நின்றேன். இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது வாளியை எட்டிப் பார்த்து, “மாமா, சாம்பார் இன்னும் எத்தன கிலோமீட்டர் வரும்?” என்று கேட்காமல் இருப்பதில்லை.

சரண்யாவின் கல்யாணத்தில் அன்வர் பாய்க்கு முதல் பந்தியில் இடம் போட்டார்கள். எனக்கு மூன்றாவது பந்தியில் கிடைத்தது.