செத்த பிறகு சிரிக்க வேண்டும்

எங்கள் ஊர் கிள்ளானில் அதிக முறை செத்தவர் யார் என்று கேட்டால் போட்டியே கிடையாது, பாடி அண்ணேதான். நான்கு முறை செத்திருக்கிறார். நான்கு முறையும் மறுநாள் காலை ஸ்கூல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போயிருக்கிறார்.

பாடி என்றதும் ஜிம்முக்குப் போகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் அவருடைய வயிறு தனிப் பயணியைப் போல உட்கார்ந்திருக்கும். பாடி என்றால் டெட்பாடி. எங்கள் ஆட்கள் சேர்ந்து எடுத்த ‘டோல் மோகினி’ படங்களில், ஒவ்வொரு பாகத்திலும் முதலில் சாகிறவர் அவர். வசனம் எழுதியவன் நான். ஆகவே கொலையில் எனக்கும் பங்குண்டு.

படத்தை உருவாக்கியவன் குணா. பிரிக்பீல்ட்ஸில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஆளில்லாத டோல் சாவடியில் ஒரு மோகினி நின்று, காசுக்குப் பதில் உயிரைக் கேட்கிறாள், கதை அவ்வளவுதான். முதல் பாகத்தில் லோரி ஓட்டுநராக வந்து பாடி அண்ணே செத்தார். ஜனங்கள் கைதட்டிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் மீசையை எடுத்துவிட்டு, செத்தவனின் தம்பியாக வந்து செத்தார். மூன்றாவதில் கண்ணாடி மாட்டிய இன்னொரு தம்பி.

“அந்தக் குடும்பத்துல மொத்தம் எத்தன பேருடா குணா?” என்று கேட்டேன்.

“படம் ஓடுற வரைக்கும் பொறந்துகிட்டே இருப்பாங்க லா.”

முதல் பாகம் வந்த வாரம், ஒரு சிறுமி அவருடைய பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நின்றாள். “மா, இந்த அங்கிள் செத்துட்டாரு. நான் பாத்தேன்.” பாடி அண்ணே இறங்கி வந்து, “சந்தேகமா இருந்தா கிள்ளிப் பாரு” என்று கையை நீட்டினார். கிள்ளினாள். அலறினார். திருப்தியாக ஏறிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் கிள்ளிவிட்டுத்தான் ஏறினார்கள். கிள்ளானுக்கு ஏன் அந்தப் பெயர் என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்பார்.

சாவதற்கு அவர் அஞ்சியதே இல்லை. அவர் அஞ்சியது அதற்குப் பிறகு வரும் ஒரு நிமிடத்துக்கு. சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அந்தச் சாவு உடம்போடு வீடு வரை வந்துவிடுமாம். குணா அவருக்கு இதில் குறை வைத்ததே இல்லை. காட்சி முடியும் நேரத்தில் காதருகே குனிந்து என்னவோ முணுமுணுப்பான்; பிணம் குலுங்கும். என்ன சொன்னான் என்று இருவரும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு வாட்ஸ்அப்பில் அண்ணேயின் மனைவிக்குப் போகும். அது வந்தால்தான் வீட்டு கேட் திறக்கும். ஒரு முறை லைன் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. “நான் உயிரோடதான்டி இருக்கேன்” என்று கேட்டுக்கு வெளியே இவர் கெஞ்ச, “அத வீடியோ சொல்லட்டும்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

போன வருஷம் குணா இறந்துவிட்டான். நெஞ்சுவலி. மோகினிக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் தகப்பன் இல்லாமல் போனான்.

சில மாதம் கழித்து, நான்காம் பாகத்தை யாமினி எடுக்கப் போகிறாள் என்று செய்தி வந்தது. ரவாங் பெண், விளம்பரப் படங்கள் எடுத்தவள், குணாவைப் பார்த்ததுகூட இல்லை. ரொட்டி சானாய்க் கடையில் பாடி அண்ணே ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார், சாப்பிடவில்லை.

“மோகினிக்கு பிளாஷ்பேக் வெப்பா பாரு. அவ நல்லவளாயிருவா. நல்லவ எப்படி என்னக் கொல்லுவா?”

“கொல்லலன்னா வசனம் குடுப்பாங்கண்ணே.”

“வசனமா?” அவர் முகம் வெளுத்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதவிட மோசம் ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர்ல சாகடிச்சிருவாங்க. நான் இங்க தே தண்ணி குடிச்சிகிட்டு இருப்பேன், அங்க நான் செத்துகிட்டு இருப்பேன். அப்ப யாரு சிரிக்கிறது?”

நான் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. டோலில் இப்போது கைநீட்ட ஆளே இல்லை. கார்டைத் தொட்டால் கட்டை எழும்புகிறது. படைத்தவன் போய்விட்டான், சாவடியும் காலி. மோகினி யாருடைய கண்களைப் பார்த்து எதைக் கேட்பாள்? அவள் வேறு யாராகவோ ஆகிவிடுவாள். நாங்களும்.

யாமினி அண்ணேயை அழைத்தாள். இன்னொரு தம்பி, தாடி. தெலுக் பங்லிமா காராங் பக்கம், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஆளில்லாத சாலையில் பலகைச் சாவடி போட்டிருந்தோம். மாலை. மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. பாடி அண்ணே பிரமாதமாகச் செத்தார். ரத்தத்துக்கு ஊற்றிய ரோஸ் சிரப்பை எறும்புகள் மொய்த்தும் அவர் அசையவில்லை.

“கட். ஓகே. மழைக்கு முன்னாடி அடுத்த ஷாட்,” என்றாள் யாமினி. கேமரா நகர்ந்தது. ஆட்கள் நகர்ந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை.

“அங்கிள், எந்திரிங்க.”

அசைவில்லை.

“அங்கிள்?”

அவள் ஓடினாள். நான் அவளுக்கு முன்னால் ஓடினேன். எனக்குக் குணாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மூக்கருகே விரலை வைக்கக் குனிந்தபோது ஒற்றைக் கண் திறந்தது.

“சிரிப்பு எடுக்கல,” என்றது பிணம்.

யாமினிக்கு வழக்கத்தை விளக்கினேன். அவள் வானத்தைப் பார்த்தாள். “வெளிச்சம் போகுது அங்கிள். அப்புறம் பாத்துக்கலாம் லா.”

“குணாவும் இதத்தான் சொன்னான்.”

படுத்தபடியே, கண்ணை மூடியபடியே சொன்னார். “மூணாவது பார்ட்ல என் வயிறு ஆடுதுன்னு, எப்படி சாகணும்னு காட்டுறதுக்கு அவனே ரோட்டுல படுத்தான். அப்படியே செத்து காட்டுனான். நான் சொன்னேன், குணா, சிரிடா, எடுத்துருவோம்னு. அப்புறம் பாத்துக்கலாம்ணேன்னான். நான் விட்டுட்டேன்.”

எங்கோ ஒரு லோரி ஹார்ன் அடித்தது. யாமினி கேமராவைத் திருப்பச் சொன்னாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பல்லைக் காட்டினார், அது பல்லாகவே இருந்தது. காதில் முணுமுணுக்க வேண்டியவன் இல்லை. லைட்பாய் ஜோக் சொன்னான். மேக்கப் அக்கா உள்ளங்காலைக் கிச்சுகிச்சு மூட்டினாள். நான் என் கவிதை ஒன்றைச் சொன்னேன். அவர் முகம் இன்னும் கொஞ்சம் செத்தது. முதல் துளி என் கையில் விழுந்தது. அவர் உதடு நடுங்கத் தொடங்கியதைப் பார்த்தேன், சிரிப்புக்கு எதிர்ப்பக்கமாக.

யாமினி என்ன நினைத்தாளோ, செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் அப்படியே தாரில் மல்லாந்து படுத்தாள். “எனக்கும் பயமாதான் அங்கிள் இருக்கு. அவரு படத்த நான் கெடுத்துருவேனோன்னு.” கண்ணை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். பிணம் துள்ளி எழுந்தது. அந்த உடம்புக்குள் அத்தனை வேகம் இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

“ஏய், படுக்காத மா, எந்திரி, எந்திரி. டேய், கேமரா ஓடுதா? சிரி. மொதல்ல நீ சிரி. அங்க பாத்து சிரி.”

சிரப் வழியும் கையால் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். தாடி பாதி பிய்ந்து காதில் தொங்கியது. யாமினி கண் திறந்து அந்தத் தாடியைப் பார்த்தாள். வெடித்துச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவர் சிரித்தார். மழை கொட்டியது. அடுத்த ஷாட் போயே போய்விட்டது.

வீடியோ போன கையோடு அண்ணேயின் மனைவியிடமிருந்து பதில் வந்தது. “கேட் தெறந்துட்டேன். அந்தப் பொண்ணு யாரு?”

புது டைரக்டர் என்று எழுதினேன்.

“அவ வீட்லயும் கேட் தெறந்துட்டாங்களான்னு கேளு.”

படம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பயந்தபடியே மோகினிக்கு பிளாஷ்பேக் இருக்கிறது, நல்லவளாகவும் ஆகிவிட்டாள், நல்லவளாக இருந்துகொண்டே அவரைக் கொல்கிறாள். குணா ஒருநாளும் வைக்காத ஒன்றை யாமினி வைத்திருக்கிறாள். எல்லாப் பெயர்களும் ஓடி முடிந்த பிறகு, மழையில் அந்தச் சிரிப்பு.

கிள்ளான் தியேட்டரில் ஜனங்கள் அதற்குள் பாதி பேர் வெளியேறிவிடுகிறார்கள். நான் பல முறை பார்த்துவிட்டேன். அவர் சாவார் என்று தெரியும், படத்துக்கு வசனம் எழுதியவனே நான்தான். இருந்தாலும் அவர் சிரிக்கிறவரை என்னால் நாற்காலியை விட்டு எழ முடிவதில்லை.