சும்மா காணவில்லை

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நன்றாக இருக்கிறோம். இந்த வீட்டில் நன்றாக இல்லாதது நீங்கள் செய்துகொடுத்த மென்பொருள் ஒன்றுதான். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். மூன்று தடவையும் "மாமா, ஒரு மீட்டிங்ல இருக்கேன், நானே கூப்பிடறேன்" என்றீர்கள். மின்னஞ்சல் போட்டேன். அதற்குப் புகார் எண் ஒன்று வந்தது, கூடவே என் பொறுமைக்கு ஒரு நன்றியும் வந்தது. என்னிடம் பொறுமை இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது? சொந்த மாப்பிள்ளைக்கு எழுதினாலே புகார் எண் விழுகிற காலம் வந்துவிட்டதால், கடைசியில் பேனாவைத் தேடி எடுத்தேன்.

முதலில் புதுப் பதவிக்கு என் வாழ்த்து. உங்கள் 'காது' மென்பொருளை அந்தப் பெரிய கம்பெனி வாங்கியதோடு, உங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு 'பயனர் மகிழ்ச்சித் துறைத் தலைவர்' ஆக்கிவிட்டதாக என் மகள் சொன்னாள். கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. நான் பயனர், நீங்கள் மகிழ்ச்சி. ஆகவே இந்தக் கடிதம் சரியான மேஜைக்குத்தான் வருகிறது.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கம்பெனிக்காரர்கள் யாராவது உங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன். பதினொரு வருஷமாக எங்கள் பின்னறையில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டிவிட்டு, பார்வையில்லாதவர்களுக்காக நூலகத்துக்குப் பேசும் புத்தகம் செய்து கொடுக்கிறோம். உங்கள் அத்தை படிப்பாள், நான் வெட்டி ஒட்டுவேன். ஒரு தும்மலையோ தடுமாற்றத்தையோ வெட்டி எடுத்தால் அந்த இடம் பள்ளமாகிவிடும். அதை வெறும் அமைதியால் நிரப்பினால் காது கண்டுபிடித்துவிடும். அதே அறையின், அதே வேளையின் அமைதி வேண்டும். அதற்காக ஒவ்வொரு நாளும் படிப்பு முடிந்ததும் ஒரு நிமிடம் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்து அந்த அறையைப் பதிவு செய்வோம். மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டுவதும் நின்றுபோன பிறகு வருகிற ஒரு நிமிடம். ஜன்னல் கம்பளி துவைக்கப் போயிருந்த அன்றைக்கு, அறை கொஞ்சம் பெரிதாகிவிட்டது போன்ற ஒரு நிமிடம். கம்பளி இடுக்கில் புகுந்த பிற்பகல் மூன்று மணி வெயில் சுவரில் மெல்ல நகரும்போது, அதுவும் ஒரு சத்தம்தானோ என்று மயங்க வைக்கிற ஒரு நிமிடம். என் மகள் கல்யாணமாகி உங்களோடு புறப்பட்டுப் போன மறுநாள் பதிவு செய்த நிமிடமும் அதில் உண்டு. மற்றவர்கள் கேட்டால் எல்லாம் ஒன்றுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தது இப்படி ஒரு நிமிடத்தில்தான். கதவை மெதுவாகத் திறந்து, சிலை மாதிரி உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேரையும், ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டரையும் பார்த்துவிட்டு, "என்ன மாமா ரெக்கார்ட் பண்றீங்க?" என்றீர்கள். பெண்ணைக் கட்டிக்கொள்ள வந்தவரிடம் தொழில் விளக்கம் எதற்கு என்று "சும்மா" என்றேன். நீங்கள் அதைத் தொழில்முறைச் சொல் என்று எடுத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதியே வைத்துவிட்டீர்கள். அப்புறம் ஒலியை வெட்டி ஒட்ட எனக்கென்று 'காது' செய்தபோது, அதற்குள் இந்த நிமிடங்களைப் போட்டுவைக்க 'சும்மா' என்று ஓர் அறையே கட்டிக் கொடுத்தீர்கள். திறந்து பார்த்தபோது சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இவ்வளவு அசடான பிள்ளை என் மகளை நன்றாக வைத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை கணினியைத் திறந்தால், உங்கள் காதுப் படத்தைக் காணோம், அந்த இடத்தில் ஒரு நீல வட்டம் உட்கார்ந்திருக்கிறது. 'உங்கள் அனுபவத்தைப் புதுப்பிக்கிறோம்' என்றது. என் அனுபவம் எனக்குப் போதும் என்று சொல்லப் பொத்தான் எதுவும் இல்லை, 'சரி' என்றும் 'பிறகு சரி' என்றும் இரண்டுதான் இருந்தன, நான் 'பிறகு சரி'யை அமுக்கினேன், அது அப்போதே புதுப்பித்துக்கொண்டது. கம்பெனியில் யாரோ ஒரு புண்ணியவான் உங்கள் தமிழ்ப் பெயர்களை எல்லாம் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார். அகராதியைப் பார்த்தாரோ, பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டாரோ, 'சும்மா' என்றால் 'இலவசம்' என்று போட்டுவிட்டார். தப்பென்றும் சொல்ல முடியவில்லை, கடைக்காரர் சும்மா கொடுத்தார் என்று நாமே சொல்கிறோம் இல்லையா? உடனே கம்பெனி என்ன செய்தது தெரியுமா, இந்த மனிதர் பெருந்தன்மையாக எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார் என்று என் சும்மா அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், உலகத்தில் உள்ள பயனர்கள் எல்லோரும் எடுத்துப் புழங்குகிற பொதுக் கிடங்கில் கொட்டி, என் கணினியில் இருந்ததை 'இடம் அடைக்கிறது' என்று துடைத்துவிட்டது. நாங்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாவலைத் திறந்தால் திரையில் இரண்டே வரி வருகிறது: 'சும்மா காணவில்லை. சும்மா இல்லாமல் திறக்க முடியாது.'

உதவிக்கு என்று ஓர் இயந்திர உதவியாளர் இருக்கிறார். 'என் சும்மா எங்கே?' என்று தட்டினேன். 'இதைச் சும்மா கேட்கிறீர்களா, புகாராகக் கேட்கிறீர்களா?' என்று திருப்பிக் கேட்டார். புகார்தான் என்றேன். 'கோப்புகளில் என்ன இருந்தது?' என்றார். 'ஒன்றும் இல்லை' என்று உண்மையைச் சொன்னேன். 'ஒன்றும் இல்லாத கோப்புகள் தொலைந்ததற்கு வருந்துகிறோம், உங்கள் சிக்கல் தீர்ந்தது' என்று சொல்லிவிட்டு, ஐந்து நட்சத்திரம் தரச் சொன்னார். நானும் விடவில்லை, கிடங்கில் தேடப் போனேன். இலவசத்தை எடுக்க முதலில் சந்தா கட்ட வேண்டுமாம். எனக்கே காது குத்துகிறார்கள், மாப்பிள்ளை!

அதற்கப்புறம்தான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது. போன வாரம் மத்தியானம், சைக்கிள் சங்கிலியை எப்படி மாட்டுவது என்று எந்த நாட்டுக்காரரோ சொல்லிக்கொடுக்கிற வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாஷை புரியவில்லை. அவர் பேச்சை நிறுத்தி ஸ்பேனரை எடுத்த நொடியில், எங்கள் பின்னறை வந்துவிட்டது. சந்தேகமே இல்லை, மழை விட்ட நாளின் சும்மா அது. எங்கள் அலமாரிக் கதவு ஈரத்தில் விம்மி மெல்ல முனகுகிற ஒலி அதில் இருக்கிறது. அந்த ஆள் பேசினால் அவர் பட்டறை, பேச்சை நிறுத்தினால் என் அறை. மறுநாள் ஒரு பெண்மணி மூட்டுவலிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் என் மகள் புறப்பட்டுப் போன மறுநாளின் நிமிடம் கேட்டது. அந்த அம்மாளுக்குத் தெரியுமா, தன் முழங்காலுக்குப் பின்னால் யாருடைய பிரிவு உட்கார்ந்திருக்கிறது என்று? அன்றிலிருந்து கண்ணை மூடினால், எங்கள் அறை உலகத்தில் வீடு வீடாக நடந்து போவது போலவே இருக்கிறது. கூச்சமாக ஒரு ஓரத்தில் நின்று, யார் பேசி முடிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறது. திரும்பி வர அதற்கு வழி தெரியவில்லை.

கனவைப் பிறகு காணலாம். உண்மையான அவசரம் ஒன்று இருக்கிறது. டெலிபோன் நிலையத்தில் நாற்பது வருஷம் ஆபரேட்டராக இருந்த ஓர் அம்மா, ஓய்வுக்குப் பிறகு பார்வை போய்த் தனியாக இருக்கிறார். எங்கள் புத்தகங்களை ஒன்று விடாமல் கேட்பவர் அவர். இந்த நாவலை நூலகம் பகுதி பகுதியாக அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. போன பகுதி, கதாநாயகி பெட்டியும் கையுமாக ரயில் நிலையத்தில் நிற்பதோடு முடிகிறது. மீதி மூன்று அத்தியாயமும் படித்துப் பதிவாகி, திறக்க முடியாத அந்தக் கோப்புக்குள் கிடக்கின்றன. அந்த அம்மா தினமும் நான்கு மணிக்குப் போன் செய்கிறார். "ஏறினாளா?" என்கிறார். வேறு ஒரு வார்த்தை கிடையாது. மூன்று வாரமாக ஒருத்தியைப் பிளாட்பாரத்திலேயே நிற்க வைத்திருக்கிறோம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் ஏறினாளா என்று எனக்கும் தெரியாது. பதினொரு வருஷமாக நான் எந்தக் கதையையும் கேட்டதில்லை, இடைவெளிகளைத்தான் கேட்டிருக்கிறேன். உங்கள் அத்தையிடம் கேட்டால், "கூடவே உக்காந்திருந்தீங்கல்ல? என்னதான் கேட்டுட்டிருந்தீங்க?" என்கிறாள். "பேசாம நான் போன்லயே படிச்சுக் காட்டிடறேனே, பாவம் அந்தம்மா" என்றும் ஒரு நாள் சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. போனில் தும்மல், வாசல் மணி, தெருச் சத்தம் எல்லாம் போகும். அது நம் வேலையா? புதிதாகப் பதிவு செய்யலாம் என்றால், பக்கத்து வீட்டில் பல் டாக்டர் கிளினிக் திறந்துவிட்டார். இப்போது எங்கள் அறையின் அமைதியில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். கம்பெனிக்காரர்களிடம் பேசி என் சும்மா அத்தனையையும் கிடங்கிலிருந்து எடுத்து எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். உலகத்தில் யார் யார் பேச்சுக்கு நடுவில் அது இருக்கிறதோ, அங்கிருந்தெல்லாம் பிடுங்க வேண்டும். பழைய 'காது' பழையபடி திறக்க வேண்டும். மொழிபெயர்த்த புண்ணியவானை ஒரு நாள் என் பின்னறையில் ஒரு நிமிடம் அசையாமல் உட்கார வைக்க வேண்டும். "என் கையில எதுவும் இல்ல மாமா, வித்தாச்சு" என்று நீங்கள் சொன்னதாக என் மகள் சொன்னாள். விற்றது மென்பொருளை. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஓர் அறை கட்டினீர்களே, அதையுமா விற்பார்கள்? கோபம் பாதிதான், மீதி வருத்தம்.

மற்றபடி நோய்நொடி இல்லாமலும், சர்வர் படுக்காமலும், கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தும் நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைவாக வாழ என் ஆசிகள். உங்கள் அத்தையும் விசாரித்தாள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொன்னாள். அவள் சொன்னது உங்கள் சொந்தக் காதை.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா (புகார் எண் தனியாக எழுதவில்லை)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டிவிட்டுத் தபால் தலை தேடிக்கொண்டிருந்தபோது நான்கு மணி அடித்தது, போனும் அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் உங்கள் அத்தை புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் போட்ட போனில் படித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷப் பழக்கம், வாசற்படியிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பல் டாக்டரின் மிஷின் ஓடியது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். உங்கள் அத்தை நிறுத்தவே இல்லை. ஏறவில்லை, மாப்பிள்ளை. பெட்டியை மட்டும் ரயிலில் ஏற்றிவிட்டு, கையை வீசிக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது, சத்தமாகவே வந்துவிட்டது. "யாரும்மா அது?" என்று போனில் கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "அப்பாடா! நாப்பது வருஷம் லைன்ல இருந்தவ நான். உங்க புத்தகம் எல்லாத்துலயும் நீங்க நிறுத்துற இடத்துல யாரோ ஒருத்தர் மூச்சப் புடிச்சிட்டே உக்காந்திருப்பார். எப்பதான் விடுவாரோன்னு எனக்கு ஒரே கவலை." நாளைக்கு அடுத்த அத்தியாயம். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு வருஷத்தில் இன்றைக்குத்தான் நான் ஒரு புத்தகத்துக்குள் இருந்தேன்.