பத்திரமாகச் சேர்க்கவும்

"முப்பத்தஞ்சு வருஷம் வீடு வீடா தபால் குடுத்தவன்டா நான். எனக்கே விலாசம் எழுதித் தர்றியா?" என்றார் அப்பா.

மகன் அசரவில்லை. சீட்டை அவர் சட்டைப் பையில் திணித்தான். 'ஊருக்குப் புதியவர். மொழி தெரியாது. கீழ்க்கண்ட முகவரியில் பத்திரமாகச் சேர்க்கவும்' என்று அந்த நாட்டு மொழியில் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் வீட்டு முகவரியும் போட்டிருந்தான்.

விஷயம் இதுதான். அப்பா இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம். இதுவரை அவர் தனியாகப் போன தூரம் மாடிப்படி வரைக்கும்தான். கடையோ பூங்காவோ, மகன் காரில் ஏற்றுவான், இறக்குவான். "பார்சல் மாதிரி இருக்குடா எனக்கு" என்று நேற்று வாய்விட்டே சொல்லிவிட்டார். இன்றைக்குத் தனியாகப் பஸ்ஸில் போய் முடி வெட்டிக்கொண்டு வருவார். முடியவில்லை என்றால் அடுத்த வாரமே ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று ஒப்பந்தம். அம்மா இல்லாத அந்த வீட்டில் அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பதை மகனால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. அவர் இங்கேயே இருக்க வேண்டும். அதற்கு முதலில் தொலையாமல் வீடு வந்து சேர வேண்டும்.

ஆகவே அந்த மகாபுத்திசாலி என்ன செய்தான்? மனைவியின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி சகிதம் பின்னாலேயே கிளம்பினான்.

பஸ்ஸில் அப்பா பயண அட்டையைக் கருவியில் காட்டிவிட்டு ராஜா மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மகனிடம் அட்டை இல்லை. அப்பாவுக்கு வாங்கியவனுக்குத் தனக்கு ஒன்று வாங்கத் தோன்றவில்லை. எட்டு வருஷமாகக் காரிலேயே போகிறவனுக்குப் பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்?

அட்டை எங்கே என்று ஓட்டுநர் கேட்டார். வாயைத் திறந்தால் அப்பா குரலைக் கண்டுபிடித்துவிடுவார். தலையை மட்டும் ஆட்டினான். அவர் மறுபடி மெதுவாகக் கேட்டார். இவன் கையை விரித்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் ஓர் அம்மாள் பாவம் பார்த்துத் தன் அட்டையை இன்னொரு தடவை காட்டி, இவன் முதுகையும் தட்டிக்கொடுத்தாள்.

கடைசி இருக்கையில் போய்ப் பதுங்கினான்.

ஆறாவது நிறுத்தம். அப்பா எழுந்தார். ஓட்டுநரிடம் எதையோ நீட்டிக் கைஜாடையில் என்னவோ சொன்னார். முகத்தைத் திருப்புகிறாரோ என்று மகன் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். வழி கேட்கிறார், பிழைத்துக்கொள்வார் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

நிமிர்ந்தால் அப்பா நடைபாதையில் போய்க்கொண்டிருக்கிறார், கதவு மூடியாகிவிட்டது. கத்தலாம், அப்பா திரும்பிப் பார்ப்பாரே. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான், அசையவில்லை. பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கண்ணாடி வழியாகப் பார்த்த ஓட்டுநர், உட்கார் உட்கார் என்று கையமர்த்தினார்.

இரண்டு நிறுத்தம் தாண்டி யாரோ இறங்கினார்கள். இவனும் எழுந்தான். அதற்குள் ஓட்டுநர் விரலை ஆட்டி, உட்காரச் சொல்லி, கதவையும் மூடிவிட்டார். அட்டையில்லாமல் ஏறியதற்குப் பிடித்துக் கொடுக்கப் போகிறாரோ என்று மகன் மறுபடி இருக்கையில் ஒடுங்கினான். வீட்டுக்குச் சொல்லலாம் என்று பையைத் தடவினால் செல்போன் இல்லை. வந்த அவசரத்தில் மேசைமேலேயே விட்டிருக்கிறான். அப்பாவைத் தொலைத்தாயிற்று, தானும் தொலைந்தாயிற்று.

கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானது. சுற்றிலும் கிடங்குகள், ஜென்மத்தில் பார்த்திராத தெரு. ஓட்டுநர் எழுந்து இவனை நோக்கி வந்தார். மகன் வாயைத் திறப்பதற்குள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். சட்டைப் பையிலிருந்து கொட்டை எழுத்தில் எழுதிய சீட்டு ஒன்றை எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு கைக்குழந்தையிடம் பேசுவதுபோல உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"பயப்படாதீங்க. பஸ் இதோ திரும்பிடும், உங்களை வீட்டு வாசல்லயே இறக்கிவிடறேன். அந்தப் பெரியவர் உங்களைக் காட்டி, இதைக் குடுத்துட்டுத்தான் இறங்கினாரு."